படகு கிளம்புவதற்குள்!

துறைமுகத்தில், வெட்டவெளியில் உட்கார்ந்து படகு வரைவது பற்றி வந்த கேள்விகள் ஒரு மூட்டை சேர்ந்துவிட்டன. இந்த வாரம் முழுக்க அவைதான். சினிமாவும் அரசியலும் கேட்டவர்கள் அடுத்த வாரம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாசகி, வண்ணாரப்பேட்டை: காசிமேட்டில் படகு வரைய எத்தனை மணிக்குப் போனால் நல்லது?

விடிவதற்கு முன்பே. விளக்கு வெளிச்சத்தில் ஏலம் நடக்கும், மீன் மின்னும், பிறகு சூரியன் படகுகளுக்குப் பின்னாலிருந்து கிளம்பும். கிழக்குக் கரையில் பிறந்தவர்களுக்கு மட்டும் கிடைத்த சொத்து அது. எட்டரை ஆனால் வெயில் நிழலையெல்லாம் சுருட்டிக்கொண்டு போய்விடும். பத்துக்குப் புறப்பட்டு, பதினொன்றுக்கு வண்டி நிறுத்தி, பன்னிரண்டுக்குத் தூரிகை எடுப்பவர் வரைவது படகல்ல, தலைவலி.

கல்லூரி மாணவர், கடலூர்: கடலுக்கு எந்த நீலம் வாங்குவது?

காசை மிச்சம் பிடியுங்கள் தம்பி. துறைமுகத் தண்ணீர் நீலமாக இருப்பது காலண்டரில்தான். நேரில் பாருங்கள்: சேற்றுப் பழுப்பு, பாசிப் பச்சை, டீசல் படலத்தின் வானவில், பக்கத்துப் படகின் மஞ்சள். அந்தத் தண்ணீருக்குச் சொந்த நிறம் கொஞ்சம், மீதியெல்லாம் கடன். யாரிடம் வாங்கியது என்று கண்டுபிடித்து எழுதினால் தண்ணீர் தானாக வந்துவிடும்.

பள்ளி ஓவிய ஆசிரியர், நாகப்பட்டினம்: என் மாணவர்கள் படகு வரைந்தால் வாழைப்பழமாக வருகிறது. என்ன செய்யலாம்?

எட்டு போடச் சொல்லுங்கள். வண்டி ஓட்டுகிற எட்டு இல்லை, எழுதுகிற எட்டு. அதைப் படுக்கப்போட்டு நீட்ட வேண்டும். ஒரு வளையம் பெரிசு, ஒன்று சிறிசு. பெரிய வளையத்தின் முனையை நிமிர்ந்த கோட்டால் வெட்டினால் அமரம். சிறிய வளையத்தின் முனையிலிருந்து கோடு இறக்கினால் அணியம். கீழே அடிப்பாகத்தை வளைத்துச் சேர்த்தால் படகு மிதக்கத் தொடங்கிவிடும்.

உலகம் முழுக்க ஓவிய ஆசிரியர்கள் சொல்லித் தருகிற உபாயம் இது. படகின் மேல்விளிம்பு நேர்கோடு இல்லை, நடுவில் தாழ்ந்து இரு முனையிலும் எழும். அந்த ஏற்ற இறக்கத்தை எட்டு இலவசமாகத் தந்துவிடுகிறது.

வாசகர், தூத்துக்குடி: பாதி வரைந்திருக்கும்போது படகு கிளம்பிப் போய்விட்டது!

வான்கோவுக்கும் போய்விட்டது. 1888 ஜூனில் தெற்கு பிரான்ஸின் சாந்த்-மரி கடற்கரையில் வண்ணப் படகுகளைக் கண்டார். தினமும் விடிந்ததும் அவை கடலுக்குப் போய்விடும். என்ன செய்தார்? அவை கிளம்புவதற்குள் கோட்டோவியமாக எழுதி எடுத்துக்கொண்டு, ஆர்ல் ஊருக்குத் திரும்பிவந்து வண்ணம் தீட்டினார். அதில் ஒரு படகின் பக்கவாட்டில் பெயரைக்கூட விடாமல் எழுதியிருக்கிறார்: 'அமித்தியே'. நட்பு என்று பொருள்.

நீங்களும் முதலில் உருவத்தைப் பிடியுங்கள், வண்ணம் பிறகு. படகுக்காரர் பிழைப்புக்குப் போகிறார், உங்களுக்குப் போஸ் கொடுக்க அல்ல.

தணிக்கையாளர், மயிலாப்பூர்: கிளம்பாத படகும் ஏறி ஏறி இறங்குகிறதே?

ஓதம். சென்னையில் அதிகம் போனால் ஒரு மீட்டர் அளவுதான் ஏறி இறங்கும். பிரான்ஸின் சாந்-மாலோவில் பெரிய ஓத நாட்களில் பன்னிரண்டு மீட்டரைத் தாண்டும், நான்கு மாடி உயரம்! காலையில் தலைக்கு மேல் நின்ற படகு மதியம் காலடியில் சேற்றில் சாய்ந்து கிடக்கும்.

நீங்கள் கணக்குக்காரர் என்பதால் இன்னொன்று. ஒரு பெருக்குக்கும் அடுத்த பெருக்குக்கும் சுமார் 12 மணி 25 நிமிடம். ஆகவே நாளைய ஓதம் இன்றைய நேரத்தைவிட ஐம்பது நிமிடம் பிந்தும். அதே நேரத்துக்குப் போனால் வெளிச்சம் இருக்கும், படகு அந்த உயரத்தில் இருக்காது. அதே ஓதத்துக்குப் போனால் படகு இருக்கும், வெளிச்சம் இருக்காது. இரண்டும் ஒன்றாகக் கிடைப்பது இன்றைக்கு, இப்போது மட்டும்தான். வரையுங்கள்!

அவரே: ஓத அட்டவணையைப் பார்க்காமல் போனால் என்ன ஆகும்?

1885-இல் பிரெஞ்சு ஓவியர் மோனே எத்ரெத்தா கடற்கரையில் ஓதக் கணக்கைத் தவறவிட்டு வரைந்துகொண்டிருந்தார். ஓர் அலை வந்து அவரைப் பாறையோடு அறைந்து இழுத்தது. உயிர் தப்பியது, ஓவியம் தாங்கும் ஈசலும் வண்ணமும் போயின. மோனேவுக்கே சலுகை இல்லை, தணிக்கையாளருக்கா?

வாசகர், புதுக்கோட்டை: ஒரு படத்தில் எத்தனை படகு வரையலாம்?

ஒன்று.

வாசகி, ராமநாதபுரம்: வருடத்தில் எந்த மாதம் உகந்தது?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. நம் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்று அத்தனை படகும் கட்டிப்போட்டிருக்கும். சில படகுகளைக் கரையேற்றி, பலகை மாற்றி, விரிசல் அடைத்து, புது பெயின்ட் அடிப்பார்கள். தண்ணீருக்குள் மறைந்திருக்கும் அடிப்பாகத்தை முழுசாகப் பார்க்க இதைவிட நல்ல காலம் கிடையாது. அதைப் பார்த்தவர் வரைகிற படகு மிதக்கும். பார்க்காதவர் வரைவது தண்ணீர் மேல் ஒட்டிய ஸ்டிக்கர்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். அது அவர்களுக்கு வருமானம் இல்லாத காலம். அதை மனதில் வைத்துப் பேசுங்கள்.

பொறியாளர், ஓசூர்: படகின் அடியில் ஏன் எப்போதும் செங்காவி?

அழகுக்கு இல்லை. கொட்டலசு என்று ஒரு ஜீவன் படகின் அடியில் ஒட்டிக்கொண்டு வேகத்தைக் குறைக்கும், டீசலைக் குடிக்க வைக்கும். பார்த்தால் சிப்பி, பிறப்பால் இறால், நண்டுக்குச் சொந்தக்காரன். அதை விரட்டத் தாமிர ஆக்சைடு கலந்த பெயின்ட் அடிப்பார்கள். அதன் இயல்பு நிறமே செம்பழுப்பு. அடுத்த முறை அந்தச் சிவப்பைத் தீட்டும்போது விஷத்தைத் தீட்டுகிறோம் என்று தெரிந்து தீட்டுங்கள்.

வாசகர், அம்பத்தூர்: செல்போனில் படம் எடுத்து வந்து வீட்டில் ஃபேனுக்கு அடியில் வரைந்தால் போதாதா?

போனில் நிழலைப் பெரிதாக்கிப் பாருங்கள்: கறுப்பு. நேரில் அதே நிழலை உற்றுப் பாருங்கள்: ஊதா இருக்கும், தண்ணீரிலிருந்து எகிறிய பச்சை இருக்கும், பக்கத்துப் படகின் சிவப்பு கொஞ்சம் தெறித்திருக்கும். கேமரா வெளிச்சத்துக்குக் கணக்கு வைத்தால் நிழலைக் கைவிடும், நிழலுக்கு வைத்தால் வானத்தை வெளுக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற கருவி உங்கள் முகத்தில் இருக்கிறது. அதற்கு சார்ஜர்கூட வேண்டாம்.

ஐ.டி. ஊழியர், சோழிங்கநல்லூர்: ஏ.ஐ. அரை நிமிடத்தில் படகு வரைந்து தருகிறதே சார்?

தரும். அந்தப் படத்தில் உள்ள கயிற்றின் மறுமுனை எங்கே கட்டியிருக்கிறது என்று அதையே கேளுங்கள்.

வாசகர், திருவான்மியூர்: காற்றில் ஈசல் பறந்து கடலில் விழுந்துவிட்டது.

ஈசல் என்றால் பறக்கத்தானே செய்யும்! முக்காலியை விரித்துத் தாழ்த்தி வையுங்கள். நடுவில் ஒரு துணிப்பையைக் கட்டி, அங்கேயே கிடக்கும் கல்லைப் போட்டுத் தொங்கவிடுங்கள். காற்றுக்கு முதுகு காட்டி உட்காருங்கள். வாடை வீசும்போது ஒரு பக்கம், சோழகம் வீசும்போது மறுபக்கம். எது எப்போது திரும்பும் என்று தெரியாவிட்டால் பக்கத்தில் வலை பின்னுகிறவரைக் கேளுங்கள். வானிலைச் செய்திக்கு முன்பே சொல்லிவிடுவார்.

அவர் மனைவி: குடை பிடிக்கலாமா?

பிடிக்கலாம். நகைக்கடை இலவசமாகக் கொடுத்த சிவப்புக் குடை மட்டும் வேண்டாம். வெயில் அதன் வழியே இறங்கி உங்கள் காகிதத்தைச் சிவப்பாக்கும். அதைச் சரிக்கட்ட நீங்கள் பச்சையைக் கூட்டுவீர்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் படகுக்குக் காமாலை. சாம்பல், கறுப்பு, அல்லது உள்ளே கறுப்புத் துணி வைத்த வெள்ளைக் குடை எடுத்துப் போங்கள்.

கல்லூரி மாணவி, நாகர்கோவில்: மோனேயின் 'சூரியோதயம்' ஓவியத்தில் அப்படி என்ன இருக்கிறது? மூன்று சின்னப் படகு, ஒரு ஆரஞ்சுப் பொட்டு.

அந்த ஆரஞ்சுப் பொட்டைப் போனில் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். சூரியன் காணாமல் போய்விடும்! சுற்றியுள்ள வானமும் சூரியனும் கிட்டத்தட்ட ஒரே பிரகாசம், நிறம் மட்டும்தான் வேறு. ஹார்வர்டின் மார்கரெட் லிவிங்ஸ்டன் என்ற நரம்பியல் அறிஞர் சுட்டிக்காட்டியது இது. நம் மூளையில் நிறத்தைப் பார்க்கிற பகுதியும் வெளிச்சத்தைப் பார்க்கிற பகுதியும் வேறு வேறு. ஒன்று 'இருக்கிறது' என்கிறது, மற்றது 'இல்லை' என்கிறது. அந்தச் சண்டையில்தான் சூரியன் துடிக்கிறது. மோனே நரம்பியல் படிக்கவில்லை, துறைமுகத்தைப் படித்திருந்தார்.

லெ ஹாவ்ர் துறைமுகத்தை ஓட்டல் ஜன்னலிலிருந்து பார்த்து எழுதிய படம். சூரியன் நின்ற இடம், ஓதத்தின் உயரம், அன்றைய வானிலைக் குறிப்பு எல்லாவற்றையும் வைத்து டொனால்ட் ஓல்சன் என்ற வானியலாளர், 1872 நவம்பர் 13, காலை ஏழரை மணிவாக்கில் என்று தேதி குறித்தார். படகு ஓவியத்துக்கு ஜாதகம் கணித்த ஒரே ஆள்!

பாரிஸில் அது காட்சிக்கு வந்தது 1874 ஏப்ரல் 15. நம் தடைக்காலம் தொடங்கும் அதே தேதி.

வாசகர், ஈரோடு: மோனேவுக்கு முன் ஓவியர்கள் வெளியில் போய் வரையவே இல்லையா?

போனார்கள், சிறிய படிப்புச் சித்திரங்கள் எழுத. பெரிய படம் அறைக்குள்தான். எண்ணெய் வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப் பையில் கட்டிவைத்துக் குத்தித் திறக்க வேண்டிய காலம். வெடித்தால் சட்டை போச்சு. 1841-இல் ஜான் கோஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் பிதுக்குகிற தகரக் குழாயைக் கண்டுபிடித்தார். மூடி திருகினால் காயாது, பையில் போட்டால் கசியாது. ஓவியனை வீட்டைவிட்டு வெளியே அனுப்பியது ஒரு டியூப்.

இல்லத்தரசி, திருவொற்றியூர்: மீனவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்களா?

வலை மேல் உட்கார்ந்தால் நிச்சயம் கோபிப்பார்கள். இழுத்துக் கட்டிய கயிற்றைத் தாண்டாதீர்கள், அறுந்தால் காலை எடுத்துவிடும். ஐஸ் தள்ளிக்கொண்டு வருகிற வழியில் நாற்காலி போடாதீர்கள். முதலில் போய் "அண்ணே, இங்கே உட்கார்ந்து வரையலாமா?" என்று கேளுங்கள். பிறகு டீ வரும், நாற்காலியும் வரும்.

அதற்குப் பிறகு வருவதுதான் பெரிய லாபம். முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "அந்தக் கயிறு அங்கேருந்து வராதும்மா, வின்ச்சிலேருந்து வரும்" என்பார். உடனே திருத்துங்கள். அவர் காட்டுகிறதையெல்லாம் பாருங்கள். பக்கவாட்டில் தொங்கும் லாரி டயர்களில் உரசிய பக்கம் மட்டும் பளபளக்கும். ஒவ்வொரு ஆணிக்கும் கீழே துரு வழிந்த கோடு இருக்கும். கயிறு நனைந்த இடம் கறுத்து, காய்ந்த இடம் வெளுத்து, ஒரே கயிறு இரண்டு நிறமாகத் தெரியும். நீர்மட்டத்துக்கு ஒரு விரல் மேலே பாசி கட்டிய பச்சை வரம்பு. பின்னால் நீல பிளாஸ்டிக் டிரம். முன்னால் அந்தோணியாரோ முருகனோ பெயரெழுத்தில் நிற்பார். பதிவு எண்ணைத் தப்பாக எழுதிவிட்டால், எந்தக் கலை விமர்சகரையும்விட முதலில் அவர்தான் பிடிப்பார்.

வாசகர், தாம்பரம்: துறைமுகத்தில் அனுமதி வேண்டுமா?

மீன்பிடித் துறைமுகத்துக்குள் மீன் வாங்கப் போகிறவர்களோடு போகலாம். கன்டெய்னர் கப்பல் நிற்கிற பெரிய துறைமுகம் பாதுகாப்புப் படையின் காவலில் இருக்கிறது. எழுத்துமூலம் அனுமதி வாங்காமல் ஸ்கெட்ச்புக்கை விரித்தால் உங்கள் படத்தை அவர்கள் எடுப்பார்கள்.

ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், அரக்கோணம்: வயது அறுபத்தெட்டு. இனிமேல் தொடங்கி என்ன ஆகப்போகிறது?

ஐயா, உங்களுக்கு இன்னும் வயதாகவில்லை. ஆல்ஃபிரட் வாலிஸ் தொடங்கியது எழுபதை ஒட்டி.

இங்கிலாந்தின் கார்ன்வால் கரையில் செயின்ட் ஐவ்ஸ் என்று ஒரு மீன்பிடி ஊர். வாலிஸ் கடலில் உழைத்தவர், பிறகு கரையில் பழைய கயிறு, இரும்பு வாங்கி விற்றவர். மனைவி இறந்த பிறகு தனிமை தாங்காமல் வரைய ஆரம்பித்தார். பள்ளி இல்லை, குரு இல்லை, கேன்வாஸ் வாங்கக் காசும் இல்லை. மளிகைக்கடை அட்டைப்பெட்டியைக் கிழித்து, படகுக்கு அடிக்கிற பெயின்டிலேயே படகு வரைந்தார். அட்டை கோணலாகக் கிழிந்திருந்தால் கடலும் கோணலாகவே போகும். எது முக்கியமோ அது பெரிசு: சில படத்தில் மீன் படகளவு இருக்கும்!

1928-இல் பென் நிக்கல்சன், கிறிஸ்டபர் வுட் என்ற இரண்டு இளம் ஓவியர்கள் தெருவோடு போகும்போது, திறந்திருந்த கதவு வழியாகச் சுவரில் ஆணியடித்த அந்தப் படகுகளைப் பார்த்து நின்றுவிட்டார்கள். பிரிட்டிஷ் நவீன ஓவியத்தின் போக்கில் அந்தக் கதவுக்குப் பங்கு உண்டு. வாலிஸ் 1942-இல் ஏழைகள் விடுதியில் காலமானார். கல்லறைக்கு ஓடு செய்து பதித்தவர் பெர்னார்ட் லீச், மண்பாண்டக் கலையில் பெரிய பெயர். படகுகள் இன்று டேட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

அட்டைப்பெட்டி அரக்கோணத்திலும் கிடைக்கும். தொடங்குங்கள்.

வாசகர், வேலூர்: இல்லாததைச் சேர்க்கலாமா, இருப்பதை நீக்கலாமா?

ஆங்கில ஓவியர் டர்னரிடம் கேளுங்கள். டிரஃபால்கர் போரில் சண்டையிட்ட 'டெமரேர்' கப்பலை 1838-இல் உடைப்பதற்காகத் தேம்ஸ் நதியில் இழுத்துப் போனார்கள். அப்போது அதன் பாய்மரங்கள் ஏற்கெனவே கழற்றப்பட்டிருந்தன. இழுத்தவை இரண்டு நீராவிப் படகுகள். டர்னர் மரங்களைத் திருப்பி நட்டார், ஒரு படகை நீக்கினார், வானத்தைக் கொளுத்தினார். இன்று அது பிரிட்டனின் இருபது பவுண்டு நோட்டில் இருக்கிறது. மரம் எங்கே நிற்க வேண்டும் என்று துல்லியமாகத் தெரிந்தவர் என்பதால் அவர் பொய் சொல்லலாம். நீங்கள் முதலில் உண்மையை வரைந்து காட்டுங்கள்.

அவரே: புயலைப் பார்க்க அவர் தம்மைப் பாய்மரத்தில் கட்டிக்கொண்டாராமே?

நான்கு மணி நேரம் என்று கதை. 1842-இல் பனிப்புயலில் நீராவிக் கப்பல் வரைந்தபோது அவருக்கு வயது அறுபத்தேழு. ஆய்வாளர்கள் நம்புவதில்லை. படத்தைப் பார்த்தவர்கள் நம்புகிறார்கள். ஓவியருக்கு அது போதும்.

வாசகி, பாளையங்கோட்டை: தண்ணீரில் தெரியும் பிம்பத்தை எப்படி வரைவது?

மூன்று விதி. வெள்ளைப் படகின் பிம்பம் ஒரு படி கறுக்கும், கறுத்த படகின் பிம்பம் ஒரு படி வெளுக்கும். பாய்மரம் இடப்பக்கம் சாய்ந்தால் பிம்பமும் இடப்பக்கமே சாயும், எதிர்ப்பக்கம் போகாது. மரம் உங்களை நோக்கிச் சாய்ந்தால் பிம்பம் மரத்தைவிட நீளும், விலகிச் சாய்ந்தால் குறுகும். நான்காவது விதி அலை. அது வந்தால் முதல் மூன்றையும் துண்டு துண்டாக்கிப் போடும்.

வாசகர், கும்பகோணம்: நவீன ஓவியத்தைத் தலைகீழாக மாட்டினால் யாருக்காவது தெரியுமா?

தெரியும், 47 நாள் ஆகும். 1961-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் ஓவியர் மத்தீஸின் 'படகு' தலைகீழாகவே தொங்கியது. காகிதத்தை வெட்டி ஒட்டிய பாய்மரப் படகும் அதன் பிம்பமும். பார்வையாளர்கள் கூட்டம் கூட்டமாக வந்து ரசித்துப் போனார்கள். கடைசியில் கண்டுபிடித்தவரும் ஒரு பார்வையாளர்தான், அதிகாரிகள் அல்ல. பிம்பத்தைப் பற்றி மேலே கேட்ட பாளையங்கோட்டை வாசகி அங்கே போயிருந்தால் முதல் நாளே பிடித்திருப்பார்.

மாணவர், காரைக்கால்: தூரத்துப் படகை எவ்வளவு சின்னதாகப் போட வேண்டும்?

அடிவானத்தைக் கேளுங்கள். கிட்டே உள்ள படகை அடிவானக் கோடு எந்த இடத்தில் வெட்டுகிறது என்று பாருங்கள். கேபின் கூரையில் வெட்டினால், அதே அளவுள்ள தூரத்துப் படகையும் கேபின் கூரையில்தான் வெட்டும். எத்தனை தூரம் போனாலும் இது மாறாது. கூரையை அந்தக் கோட்டில் தொங்கவிட்டுப் படகைக் கீழே வரைந்தால் அளவு தானாக அமையும். மறந்தவர்கள் வரைந்த படகுகள்தான் கடலில் இல்லாமல் வானத்தில் மிதக்கின்றன.

சிறுமி, மண்டபம்: மாமா, கடல் தண்ணியைத் தொட்டே வாட்டர்கலர் பண்ணலாமா?

பண்ணாதே கண்ணு. தண்ணி காயும், உப்பு காயாது. காகிதத்திலேயே தங்கி ஈரத்தை இழுத்து இழுத்து வண்ணத்தைக் கெடுக்கும். வீட்டிலிருந்து ஒரு பாட்டில் தண்ணி கொண்டு போ. குடிக்க இன்னொரு பாட்டில். இரண்டையும் மாற்றிக் குடித்துவிடாதே.

வாசகர், எண்ணூர்: எண்ணெய் வண்ணம் துடைத்த துணியை என்ன செய்வது?

இதற்குப் பகடி கிடையாது. ஆளி விதை எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகும்போது சூடு பிறக்கும். துணியைச் சுருட்டிக் குவித்தால் அந்தச் சூடு வெளியேற வழியின்றித் தானே பற்றிக்கொள்ளும். டீசலும் ஃபைபரும் நைலான் வலையும் சூழ்ந்த இடத்தில் அதைப் போட்டுவிட்டு வராதீர்கள். தண்ணீரில் நனைத்து, மூடி போட்ட தகர டப்பாவில் வைத்து வீட்டுக்குக் கொண்டு வாருங்கள்.

வாசகி, சாந்தோம்: வண்ணத்தில் மணல் ஒட்டிவிட்டது. சுரண்டலாமா?

லண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் மோனே 1870-இல் எழுதிய 'துரூவீல் கடற்கரை' இருக்கிறது. அதில் மணல் இருக்கிறது. வான்கோ 1882-இல் எழுதிய ஷெவனிங்கன் கடல் படத்திலும் மணல். அவருடைய ஆலிவ் மர ஓவியம் ஒன்றில் 2017-இல் ஒரு வெட்டுக்கிளியே கிடைத்தது! நேரில் போய் வரைந்தார்கள் என்பதற்கு நோட்டரி கையெழுத்து அது. கை வைக்காதீர்கள்.

வாசகர், ஆவடி: வானத்தில் நாலு கடற்பறவை போட்டால் அழகாக இருக்குமா?

எந்தப் பறவை? காசிமேட்டில் வட்டமிடுவது காகமும் செம்பருந்தும். கடற்காகங்கள் குளிர்காலத்து விருந்தாளிகள். மே மாதப் படத்தில் அவற்றைப் பறக்கவிட்டால் பறவை பார்க்கிறவர்கள் உங்களைப் பார்ப்பார்கள்.

வாசகர், திருச்சி: உலகிலேயே அதிகம் வரையப்பட்ட துறைமுகக் கட்டடம் எது?

அந்தப் பட்டத்துக்கு அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ராக்போர்ட் துறைமுகத்து மீன்பிடிக் குடிசை ஒன்று உரிமை கொண்டாடுகிறது. செக்கச் சிவப்பு, சுவர் முழுக்க மிதவைகள். மாணவர்கள் ஓயாமல் அதையே வரைவதைப் பார்த்து லெஸ்டர் ஹார்ன்பி என்ற ஓவியர் 'முதலாம் எண் கருப்பொருள்' என்று பெயர் வைத்தார், அதுவே நிலைத்துவிட்டது. 1978 பனிப்புயலில் குடிசை அடித்துக்கொண்டு போனது. அதே வருடம் அதேபோல் திருப்பிக் கட்டினார்கள். மீன்பிடிக்க இல்லை, வரைய!

வாசகர், கோவை: எங்கள் ஊரில் கடலே இல்லை. படகு வரைய நீச்சல் தெரிந்திருக்க வேண்டுமா?

வரைய வேண்டாம், விழுந்தால் வேண்டும். பால் சின்யாக் புள்ளி ஓவியர் மட்டுமல்ல, அசல் படகோட்டி. ஆயுளில் முப்பதுக்கு மேல் படகு வைத்திருந்தார். 1892-இல் சாந்-த்ரோபேவுக்குத் தம் படகிலேயே போய் இறங்கினார். 1929-இல் தொடங்கி பிரான்ஸின் துறைமுகங்கள் நூறை ஊர் ஊராக வாட்டர்கலரில் எழுதினார். மோனேவை வெட்டவெளிக்கு இழுத்து வந்த யூஜின் பூதேன் மாலுமியின் மகன், சிறுவயதில் படகில் வேலை பார்த்தவர். அவர்களுடைய படகுகளில் ஏறினால் ஆடும், கவிழாது. கோவைக்காரர் ரயில் ஏறுங்கள்.

வாசகர், சிவகாசி: ஹொக்குசாயின் 'பெரிய அலை' படத்தில் படகு இருக்கிறதா?

மூன்று. நீங்களும் பார்க்கவில்லையா? பிடித்த மீனை ஊருக்கு விரைந்து கொண்டுபோகும் படகுகள் அவை. 1831 வாக்கில் வந்த படம், இன்றும் எல்லோரும் அலையையே பார்க்கிறார்கள்.

வாசகர், ராயபுரம்: மீன் ஏலத்தை யாராவது பெரிய ஓவியமாக எழுதியிருக்கிறார்களா?

ஸ்டான்ஹோப் ஃபோர்ப்ஸ். கார்ன்வாலின் நியூலின் கரையில், ஈர மணலில் மீனைப் பரப்பி ஏலம் போடும் காட்சியை மாதக்கணக்கில் வெளியிலேயே நின்று எழுதி 1885-இல் காட்சிக்கு வைத்தார். மாடல்களையும் மணலிலேயே நிற்க வைத்தார். காற்று, மழை, ஓடிப்போகும் வெளிச்சம் எல்லாவற்றோடும் மல்லுக்கட்டி முடித்த படம். ராயபுரத்துக்காரர்களுக்கு அந்த ஏலம் வாசலில் தினமும் நடக்கிறது. ஃபோர்ப்ஸுக்குக் கிடைக்காத சிவப்பு, மஞ்சள் புடவைகளும் கூடையோடு நிற்கின்றன. ஏன் இன்னும் எழுதவில்லை என்று நான் உங்களைக் கேட்கிறேன்.

வாசகர், மதுரை: படகு ஓவியத்தையெல்லாம் திருடுவார்களா?

ரெம்பிராண்ட் எழுதிய ஒரே கடல் காட்சி, 1633-இன் கலிலேயக் கடல் புயல், 1990-இல் பாஸ்டனில் திருடு போனது. இன்னும் வரவில்லை, வெறும் சட்டம் தொங்குகிறது. மேலே சொன்ன மோனேயின் சூரியோதயம் 1985-இல் போய் 1990-இல் கிடைத்தது. மணல் ஒட்டிய வான்கோ 2002-இல் போய் 2016-இல் மீண்டது. ரசனையுள்ள திருடர்கள்.

வாசகி, புதுச்சேரி: நான் வரைந்த படகை யார் வாங்குவார்கள்?

படகின் சொந்தக்காரர். பெயரும் எண்ணும் சரியாக இருந்தால்.

வாசகர், பெரம்பூர்: "தினமும் துறைமுகத்தில் என்ன வேலை?" என்று மனைவி கேட்கிறார்.

வரும்போது மீன் வாங்கி வாருங்கள். ஓவியம் சுமாராக வந்த நாளில் வஞ்சிரம். நன்றாக வந்த நாளில் நெத்திலி போதும்.